மஞ்சள் கடுதாசிக்கு முன் ஒரு சம்பளச் சீட்டு

கோர்ட் உத்தரவால் சம்பளத்தில் பிடித்தம் நடந்துகொண்டிருந்த ஒருவர் 2019 மார்ச்சில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஆலோசனை கேட்க அவர் வரவில்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தார்: "ஐ.பி. போட்டுடலாம் சார், பேப்பர் மட்டும் ரெடி பண்ணிக் குடுங்க." ஐ.பி. என்றால் திவால் மனு, பேச்சுவழக்கில் மஞ்சள் கடுதாசி. அந்த மனு கடைசிவரை தாக்கல் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை, அதற்குப் பதில் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதே இந்தப் பதிவு. ஆட்களையும் ஊரையும் மில்லையும் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். தொகைகளை ஆயிரத்துக்கு முழுமையாக்கியிருக்கிறேன்.

பின்னணி

அவர் தென்மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கணக்கர். அப்போது வயது 46. 2013 ஜூனில் அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்காக உள்ளூர் பைனான்ஸ்காரரிடம் 2,00,000 ரூபாய் வாங்கினார். புரோநோட்டில் எழுதியது வருடத்துக்கு 12 சதவீதம், வாய்ப்பேச்சு மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய். நோட்டில் இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் மனைவியின் தம்பி. அவர் வேறொரு மில்லில் ரிங் பிரேம் ஃபிட்டர்.

முதல் பதினான்கு மாதம் வட்டியாக மட்டும் மாதம் 6,000 கையில் கொடுத்தார். ரசீது எதுவும் வாங்கவில்லை. பிறகு கொடுக்க முடியவில்லை. நோட்டு காலாவதியாக ஒரு மாதம் இருக்கும்போது, 2016 மே மாதம், பைனான்ஸ்காரர் வழக்குப் போட்டார். இவர் ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்து போட்டதோடு சரி. எதிருரை தாக்கல் ஆகவே இல்லை. நவம்பரில் ஒருதலைப்பட்சமாக டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) ஆனது: அசல் 2,00,000, அதுவரையிலான வட்டி 82,000, செலவுத்தொகை 21,000, அதன் பிறகு அசலுக்கு 6 சதவீத வட்டி. கையில் கொடுத்த 84,000 அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

2017 ஜூலை முதல் சம்பள ஜப்தி தொடங்கியது. இதற்கிடையில் வீட்டுச் செலவுக்கென ஒரு வங்கியில் வாங்கியிருந்த தனிநபர் கடனும் தவணை தவறியது. அதற்கு 2018 ஆகஸ்டில் 2,31,000 ரூபாய்க்கு டிகிரி ஆகி, 2019 ஜனவரி முதல் இரண்டாவது ஜப்தியும் சேர்ந்துகொண்டது. இது போக மில் கூட்டுறவு கடன் சங்கத்தில் 1,10,000 பாக்கி இருந்தது.

முதல் நாள் மேசைமேல் இருந்தவை

பிளாஸ்டிக் உறையிலிருந்து அவர் எடுத்து வைத்த பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டு இப்படி இருந்தது. மொத்தச் சம்பளம் 31,000. பி.எஃப். 1,800. சங்கக் கடன் 6,500. "கோர்ட் 1" 10,000. "கோர்ட் 2" 10,000. கைக்கு வந்தது 2,700.

இரண்டாயிரத்து எழுநூறு ரூபாயில் மூன்று பேர் ஒரு மாதம் ஓட்ட வேண்டும், கல்லூரி செல்லும் மகளையும் சேர்த்து. மனைவி தைத்துக் கொண்டுவரும் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுக்க நினைத்தால் அதில் வியப்பே இல்லை.

கூடவே இன்னும் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, மச்சினருக்கு வந்த நோட்டீஸ். அதே டிகிரிக்கு அவருடைய கூலியையும் ஜப்தி செய்யச் சொல்லி பைனான்ஸ்காரர் பிப்ரவரியில் மனுப் போட்டிருந்தார். இன்னொன்று எழுதாத பத்திரத் தாள்கள். அப்பா வழி வீட்டில் தனக்கு உள்ள பாதிப் பங்கை மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வைக்க ஏப்ரல் முதல் வாரத்தில் தேதி குறித்திருந்தார். "வீட்டை மாத்திட்டு ஐ.பி. குடு, ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று நீதிமன்ற வாசலில் ஒரு தரகர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதற்கு 15,000 பேசி, 3,000 முன்பணமும் வாங்கியிருந்தார்.

மனைவி ஒரு துணிப்பையில் தினசரி காலண்டர் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் தேதியும் தொகையும் இருந்தன. வட்டி கொடுத்த கணக்கு அது. அதில் இரண்டு தாள்களில் மட்டும் பெரிய தொகை: 25,000, 20,000. இரண்டுமே 2018-ல் கொடுத்தவை, அதாவது ஜப்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே. "மொத்தமா கொஞ்சம் குடுத்தா கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொன்னாரு சார்" என்றார் அந்த அம்மா. எந்தத் தாளிலும் வாங்கியவர் கையெழுத்து இல்லை.

கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது

உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-இன்படி, ஜீவனாம்சம் அல்லாத சாதாரண டிகிரிக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 31,000-இல் ஆயிரம் போக 30,000, அதில் மூன்றில் ஒரு பங்கு 10,000. முதல் பிடித்தம் சரி. (இந்த ஆயிரம் 2002-இல் வந்தது. அதற்கு முன் நானூறு. அன்றைக்கு ஆயிரத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது.) கைக்கு வரும் தொகையை வைத்து இதைப் போடுவதில்லை, மொத்தச் சம்பளத்தை வைத்தே போடுவார்கள் என்பதையும் இவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சங்கக் கடனுக்கு 6,500 போகிறதே என்பதற்காக நீதிமன்றம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாது.

இரண்டாவது பிடித்தம்தான் தவறு. ஜப்தி செய்யக்கூடிய பங்கு ஒன்றுதான். டிகிரிக்கு ஒன்று என்று அது பெருகாது. தனியார் ஊழியர் சம்பளத்துக்கான ஆணை 21 விதி 48-ஏ இதைத் தெளிவாகவே சொல்கிறது: முந்தைய உத்தரவின் கீழ் அந்தப் பங்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால், சம்பளம் வழங்கும் அதிகாரி இரண்டாவது உத்தரவை முழு விவரத்தோடு நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மில் அப்படிச் செய்யவில்லை. சம்பளப் பிரிவு குமாஸ்தாவிடம் போனில் கேட்டபோது, "கோர்ட் ஆர்டர் வந்தா வெட்டத்தான் சார் செய்வோம், இல்லேன்னா கம்பெனி கட்டணும்" என்றார். அவர் பயத்திலும் அர்த்தம் உண்டு. உத்தரவை மீறிச் சம்பளம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு முதலாளியே பொறுப்பு என்று அதே விதியில் இருக்கிறது. அவர் படித்தது அந்த ஒரு வரியை மட்டும்.

அடுத்தது காலம். ஒரே டிகிரிக்காகச் சம்பளம் மொத்தம் 24 மாதம் ஜப்தியில் இருந்துவிட்டால், அந்த டிகிரிக்கு அதற்கு மேல் சம்பளத்தைத் தொடவே முடியாது. இதுவும் பிரிவு 60-இல் உள்ளதுதான். வேறு டிகிரிகளுக்கும், அந்த 24 மாதம் முடிந்ததிலிருந்து அடுத்த 12 மாதம் அந்தப் பங்குக்கு விலக்கு உண்டு. சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கி எண்ணினோம். 2017 ஜூலையிலிருந்து 2019 மார்ச் வரை 21 மாதம். இன்னும் மூன்றே மாதம்தான் பாக்கி. இந்த விவரத்தை அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் சீட்டுகளை எண்ணுவதற்கு முன் அவ்வளவு அருகில் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த 21 மாதத்தில் முதல் டிகிரிக்கு 1,98,000 போயிருந்தது. முதல் வருடம் சம்பளம் 28,000, அதனால் மாதம் 9,000, பிறகு 10,000. செலவுக்கும் வட்டிக்கும் கழித்து, மீதியை அசலில் வரவு வைத்தால் பாக்கி சுமார் 1,32,000. வங்கிக்குச் சுமார் 2,10,000. சங்கத்தையும் சேர்த்து மொத்தம் 4,52,000. வீட்டில் அவருடைய பாதிப் பங்கின் மதிப்பு, அக்கம்பக்கத்துக் கிரயங்களை வைத்துப் பார்த்தால், ஒன்பது லட்சத்துக்குக் குறையாது.

ஐ.பி.யை ஏன் தள்ளி வைத்தோம்

சாதாரணத் தனிநபர்களுக்கு இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டம்தான். தமிழ்நாட்டில் சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். 2016-இல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி இவரைப் போன்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. 1920 சட்டத்தின்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம், சொத்தின் மீது ஜப்தி உத்தரவு நிலுவையில் இருந்தாலும் போடலாம். ஆக, மனுப் போடும் தகுதி இவருக்கு இருந்தது. கடனைத் தீர்க்க இயலாதவர் என்பதைக் காட்டுவதுதான் கஷ்டம்.

தடைகளை ஒவ்வொன்றாக அவரிடம் பேசினோம். கடனைவிடச் சொத்து இரட்டிப்பாக இருக்கும்போது நீதிபதி முதலில் கேட்கப்போவது வீட்டைப் பற்றித்தான். திவாலானவர் என்று அறிவித்தால் அந்தப் பங்கு நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும், விற்கப்படும். மனுப் போட்ட மாத்திரத்தில் ஜப்தி நிற்காது. அறிவிப்பு உத்தரவு வந்து, அதைக் காட்டினால்தான் மற்ற நடவடிக்கைகளுக்குத் தடை கேட்கலாம். அதுவரை எத்தனை வாய்தா ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நமக்கோ இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால், அதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்ட மனுவில் திவால் அறிவிப்பு வரும்போது நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். ரத்தாவது ஒருபுறம் இருக்கட்டும், ஏமாற்ற நினைத்தவர் என்ற பேரோடு போய், கடன்களிலிருந்து விடுவிப்பு உத்தரவு கேட்க வேண்டியிருக்கும். ரூபாய்க்கு எட்டணா, அதாவது கடனில் பாதி அளவுக்குக்கூடச் சொத்து இல்லாவிட்டால் பொதுவாக முழு விடுவிப்பு மறுக்கப்படும் என்ற அந்தக் காலத்து வாசகமும் சட்டத்தில் உண்டு. இவருக்கு அது பொருந்தாது. ஆனால் விடுவிப்பு கேட்டவுடன் கிடைத்துவிடும் என்ற தரகர் பேச்சுக்கு அதுவே பதில்.

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறொரு இடத்தில். இவருக்கு விடுவிப்பு கிடைத்தாலும் நோட்டில் கூடக் கையெழுத்துப் போட்டவருக்கு அது கிடைக்காது, பைனான்ஸ்காரர் மொத்தப் பாக்கிக்கும் மச்சினர் மீதே திரும்புவார் என்றோம். "அப்ப அவன்தான் மாட்டுவானா?" என்று கேட்டார். மனைவி எதுவும் பேசவில்லை. அன்றே ஐ.பி. பேச்சு ஓய்ந்தது.

கைதுப் பயமும் இருந்தது. "அரெஸ்ட் இ.பி. போடுவேன்" (டிகிரியை நிறைவேற்றக் கைது கேட்கும் மனு) என்று பைனான்ஸ்காரரின் ஆள் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருந்தார். கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் கடனாளியைச் சிறையில் வைக்க முடியாது, கட்ட வசதியிருந்தும் ஏமாற்றுகிறார் என்று காட்ட வேண்டும் என்பது 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதப்பட்டிருந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே கைகொடுத்திருக்கும். பத்திரத் தாள்களை பீரோவில் வைக்கச் சொன்னோம்.

டிகிரியை ரத்து செய்யக் கேட்கலாமா என்றும் யோசித்தோம். சம்மன் வந்தது, வக்காலத்து போட்டது எல்லாம் கோர்ட் ஆவணங்களில் இருக்கிறது. முப்பது நாள் அவகாசம் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேரத்தை அதில் செலவிட வேண்டாம் என்று விட்டோம்.

எடுத்த நடவடிக்கைகள், அவற்றின் பலன்

ஏப்ரலில் மூன்று மனுக்கள் போட்டோம். முதலாவது, இரண்டாவது ஜப்தியை நீக்கக் கோரி, மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளோடும் முதல் உத்தரவின் நகலோடும். வங்கி வக்கீல் பெரிதாக எதிர்க்கவில்லை. ஜூனில் உத்தரவு வந்தது. ஏப்ரல் சம்பளத்திலிருந்தே பிடிக்காமல் இருக்க இடைக்கால உத்தரவு ஏற்கெனவே கிடைத்திருந்தது. பிடித்த 30,000-இல் வங்கிக்குப் போய்ச்சேர்ந்த 20,000 கடனில் வரவாகவே இருக்கட்டும் என்றது நீதிமன்றம். டெபாசிட்டில் கிடந்த 10,000 திரும்பி வந்தது.

இரண்டாவது, மச்சினருக்காக. தொழிலாளியின் கூலிக்குப் பிரிவு 60-இல் முழு விலக்கு உண்டு. திறன் பெற்ற தொழிலாளியும் அதில் அடங்குவார். மாதச் சம்பளம் வாங்குகிறார், ஆகவே அது கூலி இல்லை என்று எதிர்த்தரப்பு வாதம். அவர் செய்யும் வேலை என்ன என்று மில்லிடமே சான்று வாங்கித் தாக்கல் செய்தோம். மெஷினைக் கழற்றி மாட்டுவது, ஸ்பிண்டில் சரிபார்ப்பது, கையால் செய்யும் வேலை. ஆகஸ்டில் அவர் கூலி மீதான மனு தள்ளுபடியானது. சாட்சி சொல்லப் போன நாளில் அவர் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது, சொல்லவில்லை.

மூன்றாவது, அந்த 45,000-ஐ டிகிரியில் வரவு வைக்கக் கேட்ட மனு. இது தோற்றது. நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை முப்பது நாளுக்குள் மனுப் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் இருக்க வேண்டும், இல்லையேல் வாங்கியவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. காலண்டர் தாள்களை நீதிபதி வாங்கிப் பார்த்தார், புரட்டினார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனுக்கள் போக, சங்கத்தில் பேசிக் கடனை நீட்டி, தவணையை 6,500-இலிருந்து 3,500 ஆக்கினோம். மற்ற எல்லாவற்றையும்விட வீட்டுக்கு உடனே உதவியது இதுதான்.

ஜூன் சம்பளத்தோடு 24 மாதம் முடிந்தது. மில்லுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்திருந்தும் ஜூலையிலும் பிடித்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு, ஜப்தி முடிந்ததென்று உத்தரவு வாங்கி நீட்டிய பிறகே நிறுத்தினார்கள். ஜூலைப் பணம் செப்டம்பரில் திரும்பி வந்தது.

முதல் டிகிரியில் அப்போது பாக்கி சுமார் 1,04,000. சம்பளத்தைத் தொட முடியாதே தவிர, கடன் அழியவில்லை. பைனான்ஸ்காரர் அடுத்து வீட்டுப் பங்கை ஜப்தி செய்யலாம். டிகிரிக்கு 12 வருட ஆயுள் உண்டு. ஆனால் பாதிப் பங்கை ஏலத்தில் எடுத்து, பிறகு பாகம் பிரிக்க வழக்காட எந்த ஏலதாரரும் எளிதில் வரமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். பேசினோம். 70,000-க்கு ஒப்புக்கொண்டார். அந்த 45,000-ஐப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு ஏன் இறங்கினார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்டோபரில் 40,000, 2020 ஜனவரியில் 30,000. இரண்டையும் நீதிமன்றத்திலேயே கட்டி, டிகிரி முழுவதும் தீர்ந்ததாகப் பதிவு செய்தோம். நின்றுபோன பிடித்தத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைத்ததால்தான் அந்தப் பணம் இருந்தது. பாஸ்புக் மனைவி கையில்.

வங்கியை அந்த 12 மாத இடைவெளிக்குள் முடிக்க நினைத்தோம். 2020 ஜூலையில் மறுபடி ஜப்தி கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும். 2019 டிசம்பர் லோக் அதாலத்தில் 1,40,000-க்கு, மாதம் 5,000 வீதம் 28 தவணையாகச் சமரசம் ஆனது. பிப்ரவரி, மார்ச் கட்டினார். ஏப்ரலில் ஊரடங்கு, மில் மூடல், அரைச் சம்பளம்கூட இல்லை. மூன்று தவணை தவறியது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் முழு டிகிரித் தொகையும் உயிர்பெறும் என்ற நிபந்தனையில் நாங்கள்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம். கிளை மேலாளரிடம் நேரில் போய் எழுத்துப்பூர்வமாக அவகாசம் வாங்கினார் இவர். அது கிடைக்காமல் போயிருந்தால் இந்தப் பதிவின் முடிவே வேறு. 2022 ஆகஸ்டில் கடைசித் தவணை கட்டி, பாக்கியில்லாச் சான்று வாங்கினார்.

மறுபடி செய்தால்

லோக் அதாலத் நிபந்தனையை அவசரத்தில் ஒப்புக்கொண்டது எங்கள் பிழை. இப்போதெல்லாம் மூன்று தவணைக்குக் குறைந்து சம்மதிப்பதில்லை, தவறினால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற வரியையும் கேட்டு வாங்குகிறோம்.

மில்லுக்குக் கடிதம் கொடுத்தால் போதும் என்று நம்பியதும் தவறு. பிடித்தத்தை நிறுத்த சம்பளப் பிரிவுக்குத் தேவை நீதிமன்ற முத்திரை. 24 மாதம் முடிவதற்கு முந்தைய மாதமே மனுப் போட்டிருந்தால் ஜூலைப் பிடித்தம் நடந்திருக்காது.

45,000 மனுவைப் போட்டதில் எனக்கு இன்னும் இரண்டு மனது. தோற்கும் என்று தெரிந்தே போட்டோம். சட்டப்படி பயனில்லை. ஆனால் பைனான்ஸ்காரர் அன்று கூண்டில் ஏறி "வாங்கவே இல்லை" என்று சத்தியம் செய்ய வேண்டிவந்தது. அவருடைய குரல் அப்போது இறங்கியதை நான் கேட்டேன். பிந்தைய பேச்சுவார்த்தையில் அது வேலை செய்தது என்றே நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது.

அரசு ஊழியராக இருந்திருந்தால் இதே கணக்கு வேறு மாதிரி போயிருக்கும். சில படிகளுக்கு (அலவன்ஸ்) அரசு அறிவிக்கையால் விலக்கு உண்டு, அவற்றைக் கழித்துவிட்டுத்தான் மூன்றில் ஒரு பங்கைப் போட வேண்டும். கடன் வழக்கு, திவால் மனு பற்றித் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நடத்தை விதியும் இருக்கிறது.

தரகரிடம் கொடுத்த 3,000 திரும்பவில்லை. மச்சினர் இப்போதும் வீட்டுக்கு வந்து போகிறார், ஆனால் எந்தக் காகிதத்திலும் மாமாவுக்காகக் கையெழுத்துப் போடுவதில்லை. 2021-இல் அக்கா மகளின் கல்விக் கடனுக்கு ஜாமீன் கேட்டபோதும் மறுத்துவிட்டார். பணமாகக் கொடுத்தார், 20,000, வங்கிக் கணக்கு வழியாக.